பத்து மணிக்குப் பிறகு நான் யார்?

2016-ல் எங்கள் ஊர்த் தேர் நிலைக்கு வரும்போது இரவு ஒன்பது தாண்டிவிட்டது. நான் ஊர்க்காவல் படையில் சேர்ந்து ஏழாவது வருஷம். பிழைப்பு டிவி, மிக்ஸி ரிப்பேர் கடை. தேர், தேர்தல், தலைவர்கள் வருகை என்றால் காக்கி. அன்று காலை ஆறு மணியிலிருந்து வடக்கு வீதி முனையில் கயிறு பிடித்து நின்றதில் குதிகால் வெந்துபோயிருந்தது. பத்து மணிக்கு எங்களை வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணிவிட்டு, "கிளம்புங்கப்பா" என்றார் ஏட்டையா. லத்தியைத் திருப்பிக் கொடுத்தேன். நோட்டில் கையெழுத்துப் போட்டு, பக்கத்துக் கட்டத்தில் 10.00 என்று எழுதினேன்.

டீ குடிக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். உடுப்பு உடம்பில்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்த்தானே கழற்றுவோம்?

டீயில் பாதி குடித்திருப்பேன். "என் பர்ஸு... பர்ஸைக் காணோம்" என்று ஓர் அம்மா அலறினார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கூட்டம் ஒரு பையனை வளைத்துவிட்டது. நாலைந்து அடியும் விழுந்துவிட்டது. என் காக்கியைப் பார்த்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. "சார் வந்துட்டாரு, சார்கிட்ட விடுங்க." கடையில் என்னை யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை. அந்தச் சொல்லுக்கு ஒரு போதை இருக்கிறது. இல்லை என்று சொல்கிற ஊர்க்காவல் படைக்காரரை நான் நம்ப மாட்டேன்.

பையனின் காலரைப் பிடித்து டைம் கீப்பர் அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். கூட்டத்திடமிருந்து காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று பிறகு பலரிடம் சொன்னேன். பாதி உண்மை. உள்ளே போனதும் அவன் நிமிர்ந்து, "நான் எடுக்கலண்ணே. முதல்ல நீங்க யாரு?" என்று கேட்டான். ஓர் அறை விட்டேன். சட்டைப் பை, பேன்ட் பை எல்லாம் துழாவினேன். செல்போனைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். ஸ்டேஷனுக்குப் போன் செய்தால், எல்லோரும் கோயிலில் இருக்கிறார்கள், "வெச்சிரு, வண்டி வரும்" என்று பதில் வந்தது.

பதினொன்றரைக்கு அந்த அம்மாவே தேடிக்கொண்டு வந்தார். அர்ச்சனைத் தட்டு வைத்திருந்த கட்டைப்பையில், வாழைப்பழத்துக்கு அடியில் பர்ஸ் கிடந்திருக்கிறது. "பாவம்பா அந்தப் புள்ள, விட்டுடுங்க தம்பி" என்றார். நான் விடவில்லை. ஸ்டேஷனில் சொல்லியாயிற்று, இனி அவர்கள் வந்துதான் விடவேண்டும் என்று ஒரு நினைப்பு. வண்டி வரும்போது மணி பன்னிரண்டேகால். முதல் ஒன்றேகால் மணி நேரத்துக்காவது சொல்லிக்கொள்ள ஒரு சந்தேகம் இருந்தது. அந்தக் கடைசி முக்கால் மணி நேரத்துக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை பையனின் சித்தப்பா ஸ்டேஷனுக்கு வந்தார். வக்கீல் குமாஸ்தா. சத்தம் போடவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார். பையனைப் பிடித்தவர் பெயர் என்ன? அந்த நேரத்தில் அவரைப் பணிக்கு அழைத்த உத்தரவு எது? எத்தனை மணிக்குப் பிடித்தார், எத்தனை மணிக்கு ஒப்படைத்தார்? கூடவே ஆதார் நகல். பையனுக்கு வயது பதினேழு.

எஸ்.ஐ. என்னைக் கூப்பிட்டனுப்பினார். தாளை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்: "நேத்து ராத்திரி பத்தேகாலுக்கு நீ யாருப்பா?"

"ஊர்க்காவல் படைங்கய்யா."

"பத்து மணி வரைக்கும். அதுக்கப்புறம்?"

எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். பிற்பாடு நானும் தேடிப் படித்தேன். தமிழ்நாட்டில் ஊர்க்காவல் படை இயங்குவது 1963-ம் வருஷச் சட்டத்தின் கீழ். 1962 சீனப் போருக்குப் பிறகு நாடு முழுக்க இந்தப் படையைச் சீரமைத்தபோது வந்த சட்டம். பணிக்கு அழைக்கப்பட்டிருக்கும்போது எங்களுக்குப் போலீஸ்காரருக்கு உண்டான அதிகாரமும் பாதுகாப்பும் உண்டு. அந்த 'அழைக்கப்பட்டிருக்கும்போது' என்பதுதான் முழுச் சட்டமும். அழைப்பு முடிந்தால் நான் மிக்ஸி ரிப்பேர்காரன். உடம்பில் காக்கி இருப்பதால் எதுவும் மாறாது.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். அதிகாரம் உள்ளவர் நியாயமான சந்தேகத்தின் பேரில், வாரண்ட் இல்லாமல் ஒருவரைப் பிடிக்கலாம். சாதாரணக் குடிமகனுக்கும் கைது செய்ய உரிமை உண்டு. அன்று அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43-ம் பிரிவு. ஆனால் குற்றம் அவன் கண் முன்னால் நடந்திருக்க வேண்டும். அது பிடியாணை வேண்டாத, ஜாமீனில் விட முடியாத வகைக் குற்றமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிடிபட்டவர் தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். ஊரார் சொன்னார்கள், ஓர் அம்மா அலறினார் என்பதெல்லாம் கணக்கில் வராது. ஆக, 9.55-க்குச் சந்தேகம் போதும், 10.05-க்கு நான் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது டீ கிளாஸை. நான் செய்ததற்குச் சட்டத்தில் பெயர் வேறு: முறைகேடாக அடைத்து வைத்தல்.

அறைந்ததற்கு 9.55-ம் கிடையாது, 10.05-ம் கிடையாது. அதை எந்த நேரத்திலும் எந்தச் சட்டமும் யாருக்கும் தரவில்லை.

எஸ்.ஐ. அறையிலிருந்து வெளியே வந்ததும் ஏட்டையா என் தோளில் கைபோட்டார். நல்ல மனிதர், எனக்கு உதவத்தான் நினைத்தார். "எழுத்துல ஆர்டரா குடுத்தோம்? வாய்ல கூப்பிட்டதுதானே. நோட்டுல ஒரு சுழி சுழிச்சா பத்து பன்னெண்டாயிடும்" என்றார். உண்மைதான். சைபரை இரண்டாக்க எவ்வளவு மை வேண்டும்? நான் சம்மதிக்கவில்லை. நேர்மையால் என்று சொல்ல ஆசைதான். அந்தப் பக்கத்தில் எனக்கு மேலும் கீழும் இருந்த எல்லாருடைய கட்டத்திலும் 10.00 என்று இருந்தது. என் ஒருவனுடைய கட்டத்தில் மட்டும் 12.00 என்றால் குமாஸ்தா கண்ணில் படாமல் போகாது என்ற பயம்தான்.

அந்தக் குடும்பத்தின் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். எழுதியும் கொடுத்தேன். அவர்கள் வழக்கு வேண்டாம் என்றார்கள். அது அவர்களுடைய பெருந்தன்மை. ஏரியா கமாண்டர் ஆறு மாசம் டூட்டிக்கு அழைக்கவில்லை. ஊருக்குள் எங்கள் ஏரியா கமாண்டரும் சம்பளம் வாங்காத சாதாரண மனிதர்தான். அவருக்கும் ஒரு தொழில் இருக்கிறது. அவர் சொன்ன ஒரே வார்த்தை: "நீ ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினப்போவே, 'எனக்கு டூட்டி முடிஞ்சிடுச்சுங்கய்யா'ன்னு சொல்லியிருந்தா போதும்."

அந்த ஆறு மாசத்தில்தான் படித்தேன். எங்களுக்குக் கிடைத்த பயிற்சி 45 நாள். ஆயுதப்படை மைதானத்தில் கவாத்து, லத்தி, முதலுதவி, போக்குவரத்துக் கை சைகை. சட்டம் என்று உட்கார்ந்து கேட்டது இரண்டு வகுப்பு. அதில் ஒன்று மழையில் நின்றுபோனது. சல்யூட் அடிக்க எந்த விரல் எந்தப் புருவத்தில் என்று பத்து நாள் திருத்தினார்கள். ஒருவரைத் தொட்டு நிறுத்தினால் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒரு தடவைகூடச் செய்துகாட்டச் சொல்லவில்லை. காவலில் நடந்த சாவுகள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது: கைது செய்பவரின் சட்டையில் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிய வேண்டும், கைதுக் குறிப்பு எழுதி ஒரு சாட்சியாவது கையெழுத்துப் போட வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் போக வேண்டும். அன்று என் சட்டையில் பெயர்ப்பட்டை இல்லை. ஊசி உடைந்து மூன்று மாசமாகப் பையில்தான் கிடந்தது. "நீங்க யாரு?" என்று அவன் கேட்டது திமிர் என்று நினைத்தேன். சட்டப்படி அவன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

பையனின் வயது இன்னொரு தலைவலி. பதினெட்டு ஆகாதவர் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் வருகிறது. லாக்கப்பில் வைக்கவே கூடாது. சிறார் காவல் பிரிவு, 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமம் என்று பாதையே வேறு. மீசை அரும்பியிருந்ததால் இருபது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மீசையை வைத்து வயது பார்க்காதீர்கள். கேளுங்கள், சந்தேகம் என்றால் சின்னப் பையன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 1 முதல் சட்டம் மாறிவிட்டது. பழைய ஞாபகத்தில் இருப்பவர்களுக்காக இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். குடிமகன் கைது இப்போது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ம் பிரிவு. பழையதில் 'தேவையில்லாத தாமதமின்றி' போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. புதியதில் அதோடு ஆறு மணி நேரத்துக்குள் என்று ஒரு வரம்பும் சேர்ந்திருக்கிறது. எங்கள் படைப் பையன் ஒருவன், "அண்ணே, இனிமே ஆறு மணி நேரம் வெச்சிருக்கலாமாமே" என்று சந்தோஷமாகக் கேட்டான். அது வைத்திருக்கக் கொடுத்த நேரம் இல்லை. அதைத் தாண்டினால் எந்தச் சாக்கும் செல்லாது என்கிற கடைசி எல்லை. ஸ்டேஷன் அரை கிலோமீட்டரில் இருக்கும்போது இரண்டு மணி நேரம் உட்காரவைத்தாலே தப்புதான்.

இரண்டாவது, திருட்டு. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவை திருடி, அதைத் திருப்பியும் கொடுத்தவருக்குச் சமூக சேவைதான் தண்டனை என்று, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் வந்திருக்கிறது. 5,000-க்குக் குறைந்த திருட்டைப் போலீஸே நேரடியாகக் கைது செய்ய முடியாத, ஜாமீன் தரக்கூடிய வகையில் சேர்த்துவிட்டார்கள். அப்படியென்றால், 800 ரூபாய் இருந்த பர்ஸை ஒருவன் என் கண் முன்னாலேயே எடுத்திருந்தாலும், டூட்டி முடிந்த நான் 'கைது' என்று அவனைப் பிடித்து வைப்பதற்கு அடித்தளமே ஆட்டம் கண்டுவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பர்ஸுக்குள் எவ்வளவு இருந்தது என்று எண்ணிப் பார்த்துவிட்டா பிடிக்க முடியும்? சட்டம் எழுதியவர்கள் பஸ் ஸ்டாண்டில் நின்றதில்லை போலிருக்கிறது. ஆனாலும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். கைகள் கொஞ்சம் தயங்கட்டும்.

அப்படியானால் கூட்டம் ஒருவனைப் போட்டு அடிக்கும்போது வேடிக்கை பார்ப்பதா? இல்லை. காப்பாற்ற நிற்பது வேறு, பிடித்து வைப்பது வேறு. முன்னதற்கு எந்த அதிகாரமும் வேண்டாம். இப்போது நான் செய்வது இதுதான்: கூட்டத்துக்கும் அவனுக்கும் நடுவில், முகம் கூட்டத்தைப் பார்க்க நிற்பேன். வெளிச்சத்தில், கேமரா இருந்தால் அதற்குக் கீழே. அறைக்குள் கூட்டிப் போக மாட்டேன், கதவு சாத்த மாட்டேன். 100-க்கு என் போனிலிருந்து அடிப்பேன். போன நேரம் அதிலேயே பதிவாகிவிடும். என் பெயரைச் சொல்லி, "எனக்கு டூட்டி இல்லை" என்பதையும் சேர்த்தே சொல்வேன். பார்த்ததாகச் சொல்பவர்களின் பெயர், போன் நம்பரைக் குறித்துக்கொள்வேன்; பார்த்தவர்கள் எண்ணிக்கை அப்போதே பாதியாகக் குறைந்துவிடும். பையில் கைவிட மாட்டேன். போனைத் தொடவே மாட்டேன். பெண் என்றால் நான் தள்ளி நிற்க, அங்கே இருக்கிற பெண்களைத்தான் பக்கத்தில் நிற்கச் சொல்வேன்.

டூட்டியில் இருக்கும்போது பிடித்தாலும் உடனே பக்கத்தில் இருக்கிற ரெகுலர் போலீஸ்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் பெயரும் நம்பரும் நேரமும் என் சின்ன நோட்டில் எழுதி, கையெழுத்துக் கேட்பேன். முதலில் சிரித்தார்கள். "என்னப்பா, கூரியரா?" என்றார் ஒருவர். ஆமாம், கூரியர்தான். பார்சலுக்கே கையெழுத்து வாங்குகிறோம்.

2020 ஊரடங்கில் ஒரு தடுப்பில் நின்றேன். ஒரு நாள் யாரோ கூட்டிவந்த பையன் ஒருவன் கையில் கம்பு. அவனிடம் அடையாள அட்டை இல்லை, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை, ஒரு மணி நேரப் பயிற்சிகூட இல்லை. மாத்திரை வாங்கப் போன ஒருவரின் ஸ்கூட்டர் கண்ணாடியை உடைத்துவிட்டான். அவரும், "சார், சார்" என்று அவனைத்தான் கெஞ்சினார். எனக்கு என் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. என் விஷயத்திலாவது கேள்வி கேட்க ஒரு நோட்டு இருந்தது. இவன் நாளைக்கு வராமல் போனால் இப்படி ஒருவன் இருந்ததற்கே சாட்சி கிடையாது.

அந்த ஜூன் மாசம்தான் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார்கள். அதையொட்டி எழுந்த கேள்விகளில் ஒன்று, ஸ்டேஷன்களில் தன்னார்வலர்களுக்கு என்ன வேலை என்பது. 1993-ல் ராமநாதபுரத்தில் அப்போதைய எஸ்.பி. பிரதீப் பிலிப் தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்புக்கு ஜூலையில் தமிழக அரசு தடை போட்டது. அவர்களுக்குச் சட்டப்படி கைது அதிகாரம் எதுவும் இருந்ததில்லை. மக்களுக்கும் போலீஸுக்கும் பாலமாக இருக்கட்டும் என்று தொடங்கியதுதான். ஆனால் ரோந்து வண்டியிலிருந்து இறங்குகிறவரிடம் அதிகாரம் இருக்கிறதா இல்லையா என்று தெருவில் நிற்கிறவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? எங்களுக்கும் அதே கதை. போலீஸுக்கும் எங்களுக்கும் தோள்பட்டையில் இருக்கும் எழுத்துத்தான் வித்தியாசம். அதை யாரும் படிப்பதில்லை. நாங்களும் அவர்கள் படிக்க வேண்டும் என்று விரும்புவதில்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது. எங்களுக்குச் சம்பளம் கிடையாது, டூட்டிக்கு இவ்வளவு என்று படிதான். 2015-ல் உச்ச நீதிமன்றம், மாசம் முழுக்க வேலை பார்த்தால் போலீஸ்காரரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாக வருகிற அளவில் தினப்படியை வையுங்கள் என்றது. இங்கே படி 560 ரூபாய் ஆனபோது லட்டு வாங்கினோம். கூடவே டூட்டி நாட்களைக் குறைத்துவிட்டார்கள், லட்டு கசந்துவிட்டது. இப்போது யோசித்துப் பாருங்கள். மாசத்தில் சில டூட்டி. அதற்கு என்னைக் கூப்பிடுவதா இல்லையா என்பது ஸ்டேஷனில் ஒருவர் கையில். அவர் போனில், "வெச்சிரு, வண்டி வரும்" என்றால், "முடியாதுங்கய்யா, எனக்கு அதிகாரம் இல்லை" என்று சொல்ல எனக்கு எங்கிருந்து நெஞ்சு வரும்? இதை விட்டுவிட்டு இன்னும் நாலு சட்ட வகுப்பு வைத்தால் போதும் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மறுத்தால் அடுத்த டூட்டி போகாது என்ற உத்தரவாதம்தான் முதல் கட்டுப்பாடு.

இதன் கொடூர வடிவம் சத்தீஸ்கரில் நடந்தது. மாவோயிஸ்டுகளை எதிர்க்க ஆதிவாசி இளைஞர்களைச் சிறப்புப் போலீஸ் அதிகாரிகள் என்று நியமித்துத் துப்பாக்கி கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, மாசம் 3,000 ரூபாய் மதிப்பூதியம். 2011 ஜூலை 5 அன்று நந்தினி சுந்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்றது. சமத்துவத்தையும் உயிர் வாழும் உரிமையையும் மீறுவதாக நீதிபதிகள் சுதர்சன் ரெட்டியும் நிஜ்ஜாரும் எழுதினார்கள். அந்த இளைஞர்களால் பாதிக்கப்பட்டவர்களின் உரிமையை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. வறுமையிலிருந்த அந்த இளைஞர்களின் உயிரையும் சேர்த்தே பார்த்தார்கள். எங்கள் கயிறு பிடிக்கும் வேலையை அதோடு ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் 'குறைந்த கூலி, அவசரப் பயிற்சி, முழு அதிகாரம்' என்ற கலவையைப் படிக்கும்போது கொஞ்சம் உறைத்தது.

இப்போது எங்கள் பிரிவில் நான் மூத்தவன். புதுப் பையன்கள் வந்தால் இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பேன். வாயில் கூப்பிட்டால் போகட்டும், ஆனால், "ஐயா, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும்னு ஒரு மெசேஜ் போட்டுடுங்க" என்று பணிவாகக் கேட்டு வாங்க வேண்டும். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பெயர்ப்பட்டை இரண்டு வைத்திருக்க வேண்டும், ஊசி உடையும்.

காக்கி போட்ட ஒருவர் உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பிடித்தால் நீங்களும் அந்தக் குமாஸ்தா மாதிரி குரல் உயர்த்தாமல் கேளுங்கள்: உங்க பேரு, எந்த ஸ்டேஷன், யார் டூட்டி போட்டாங்க, என்ன காரணம். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சண்டை போட்டால் அது தனி வழக்காகும். பதில் சொல்லத் தடுமாறினால் 100-க்குப் போன் போட்டு, அங்கேயே, எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே இருங்கள்.

என் வண்டிப் பெட்டியில் ஒரு கட்டம் போட்ட சட்டை எப்போதும் இருக்கும். நோட்டில் கையெழுத்துப் போட்டதும், டீக்கடைக்கு முன்னால், அதை மாற்றிக்கொண்டுதான் கிளம்புவேன். போன தேருக்கு மழை. பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து சட்டை நனைந்துவிட்டது. ஈரச் சட்டையைப் பிழிந்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரி, "காக்கி காஞ்சுதானே இருக்கு, அதப் போட்டுட்டு வந்தா என்ன கொறைஞ்சு போச்சு?" என்றாள். மணி அப்போது பத்தரை.